நடைவழி விளக்கு

'சிக்னல்' என்ற பெயரைப் பெரியவள் முதன்முதலாகக் கேட்டது தன் பிறந்த வீட்டு வாசலில் வைத்துத்தான். கல்யாணமாகி, மடியில் கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்த சமயம். அந்த வீட்டுக்கு அப்போதுதான் டிவி வந்திருந்தது. மொட்டை மாடியில் ஆன்டெனா நட்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஓர் இளவட்டம் வந்திருந்தான். பக்கத்து வீட்டுத் தையல்காரர் தெருவில் நின்று அண்ணாந்து, "டேய் சிக்னலு, முடிச்சுட்டு நம்ம வீட்டுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போடா!" என்று கத்தினார்.

"இதென்ன பேரு?" என்று பெரியவள் கேட்டாள்.

"வேற என்ன பேரு வைக்கிறது? நாள் முழுக்க மாடி மாடியா ஏறி நின்னு 'சிக்னல் வருதா, சிக்னல் வருதா'ன்னு அலறுறான். பெத்தவங்க வச்ச பேரு அவனுக்கே மறந்திருக்கும்" என்றார் தையல்காரர்.

மாடியில் அவன் திருப்ப, கீழே டிவியைப் பார்த்துப் பதில் சொல்லும் வேலை பெரியவளின் தங்கைக்கு. சின்னவள் ஜன்னலில் தலையை நீட்டி "வரல!" என்பாள். அவன் திருப்புவான். "இன்னும் வரல!" மறுபடி திருப்புவான். பெரியவள் உள்ளே வந்து பார்த்தால், செய்தி வாசிப்பவரின் மீசையை எண்ணிவிடலாம் போல அத்தனை தெளிவாகப் படம் ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஏன்டி, மூக்கும் முழியுமா தெரியுதே! பாவம்டி, வெயில்ல காயறான்."

"நீ சும்மா இருக்கா" என்றாள் சின்னவள். ஜன்னலுக்குப் போய், "வரல! கொஞ்சம் இடது பக்கம்!" என்றாள்.

வெயில் சாய்ந்த பிறகுதான் அவனை இறங்க விட்டாள். வியர்த்து வடிந்து வந்தவன் டிவியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான்."

"இப்பத்தானா?"

"ஆமா, இப்பத்தான்."

மறு வாரமே ஆன்டெனா தானாகத் திரும்பிக்கொண்டது. அந்த வாரம் முழுக்க ஓர் இலை அசையவில்லை. அதற்கடுத்த வாரமும் திரும்பியது. அப்பா விவரமான ஆள். "காத்தா திருப்புது, கழுதையா திருப்புது? பேசி முடிச்சிடுவோம்" என்று சொல்லிவிட்டார். கல்யாணம் பேசி முடிந்த நாளிலிருந்து பெரியவளுக்கு அந்த அவன் 'அவர்' ஆகிவிட்டார். வீட்டு மாப்பிள்ளையை அவன் இவன் என்று சொல்ல வாய் வருமா? பெண்டாட்டியின் அக்கா என்பதால் அவர் பெரியவளை அண்ணி என்றார். பெரியவள் அவரை மாப்பிள்ளே என்றாள். சின்னவள் மட்டும் கல்யாணத்துக்குப் பிறகும் புருஷனைச் சிக்னலு என்றே கூப்பிட்டாள்.

காலம் மாற மாற அவர் தொழிலும் மாறியது. ஆன்டெனா போய் கேபிள் வந்தது. கேபிள் போய் இன்டர்நெட் பெட்டி வந்தது. பிறகு, கையால் தொடாமலே விளக்கு எரியும், யாராவது வந்தால் வாசல் போனுக்குச் சேதி சொல்லும், ஆளில்லாத அறையில் ஏசி தானே நிற்கும் என்று வீட்டையே புத்திசாலியாக்கும் வேலை வந்தது. எந்த வீட்டுக்கு எந்தச் சாமான், எந்தச் சாமானுக்கு எந்த அலை என்று பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவதில் அவர் கைராசிக்காரர் என்று பேர். கம்பி இருந்த காலத்தில் கம்பியைப் பார்த்தார். கம்பி போன பிறகு சுவரைப் பார்த்தார். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரை விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்பார். வைத்தியர் முதுகைத் தட்டிப் பார்ப்பது மாதிரி இருக்கும்.

ஒரு தடவை பெரியவள், "எல்லாம் காத்துல பேசுதுங்கிறீங்க, அப்புறம் என்ன வகை வகையா?" என்று கேட்டாள். அவருக்குச் சொல்லப் பிடிக்கும். சட்டமாக உட்கார்ந்துகொண்டார்.

"வைஃபைங்கிறது நம்ம பெரிய மாமா மாதிரி அண்ணி. சத்தமாப் பேசுவாரு, எவ்வளவு சுமையும் தூக்குவாரு. ஆனா வயிறு பெருசு. பேட்டரியில ஓடுற சின்னச் சாமானை அவர் கூடச் சேர்த்தீங்கன்னா பேட்டரியைத் தின்னே தீர்த்துடுவாரு. புளூடூத்து புதுசாக் கல்யாணமானவங்க. ஒரே ரூமுக்குள்ள குசுகுசுன்னு பேசிப்பாங்க, கதவைத் தாண்டினா கேக்காது. ஜிக்பீன்னு ஒண்ணு இருக்கு. அது உங்க சின்னம்மா பொண்ணுங்க மாதிரி. ஒவ்வொருத்தியும் மெதுவாத்தான் பேசுவா, தின்னுறதும் கொஞ்சம்தான். ஆனா ஒருத்தி காதுல போட்டா அடுத்தவளுக்கு, அவ அதுக்கடுத்தவளுக்குன்னு..."

"ஊரு முழுக்கப் போயிடும்னு சொல்லுங்க" என்றாள் பெரியவள். கூட இருந்த சின்னவளும் சேர்ந்து மூன்று பேரும் சிரித்தார்கள். சின்னம்மா பெண்கள் அப்படித்தான்.

"ஆனா அண்ணி, அதுல ஒரு சூட்சுமம். பேட்டரியில இருக்கிறது தன் சேதியை மட்டும்தான் சொல்லும். அடுத்தவ சேதியை வாங்கிக் கடத்தாது. கரண்ட்டுல இருக்கிறதுதான் வாங்கிக் கடத்தும். ஒரு பிளக்கோ, ஒரு பல்போ நடுவுல இருக்கணும். பல்பு வச்சா, அதோட சுவிட்சை எவனும் அணைக்கக் கூடாது. அணைச்சா அது செவிடு."

சுவிட்சை அணைக்கிற பழக்கம் யாருக்குத்தான் போகும்? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. சுவிட்சுக்குப் பின்னால் இரண்டு கம்பியையும் சேர்த்து நேராக முறுக்கிவிட்டு, அதன் மேல் கம்பியில்லாத பொத்தான் ஒன்றை ஒட்டிவிடுவார். அழுத்தினால் பல்பு அணையும். ஆனால் பல்புக்குப் போகும் கரண்ட் நிற்காது, பல்பின் காது திறந்தே இருக்கும். வாதம் வந்து படுத்துவிட்ட பெரியவளின் வீட்டுக்காரருக்கும் கட்டில் சட்டத்தில் அப்படி ஒரு பொத்தான் ஒட்டிக் கொடுத்தார். "சகலை, படுத்துக்கிட்டே ராஜ்ஜியம் பண்ணுங்க" என்றார்.

இப்படி இருந்த குடும்பத்தில்தான் சின்னவளுக்கு மறதி வந்தது.

முதலில் பாத்திரம் அடுப்பில் கருகியது. பிறகு மகளைப் பார்த்து, "உங்கம்மா நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்தாள். மகள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். துணைக்கு வைத்த அம்மாளைத் திருடி என்று சொல்லித் துடைப்பத்தால் விரட்டினாள். கதவை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போன ஒரு நாள், அவர் திரும்பி வந்தபோது கதவைத் தட்டித் தட்டி அவள் விரல் முட்டியெல்லாம் ரத்தம். "யாரோ என்னை உள்ள வச்சுட்டாங்க" என்று அவரிடமே முறையிட்டாள். அன்றைக்கு அவர் பூட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டார்.

மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். வந்து கறாராகப் பேசினாள். பெரியவளும் அன்றைக்கு அங்கே இருந்தாள்.

"அப்பா, மறதிக்காரங்களைப் பார்த்துக்கிற ஹோம்ல ஒரு கட்டில் சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் வேலைக்குப் போகணும். பெரியம்மாவுக்குப் பெரியப்பாவைப் பார்க்கவே நேரம் பத்தல. யார் பார்த்துப்பாங்க?"

"வீடு பார்த்துக்கும்" என்றார் அவர்.

"என்னது?"

"ஊர்ல இருக்கிற வீட்டையெல்லாம் பேச வச்சிருக்கேன். என் வீட்டைப் பேச வைக்க மாட்டேனா? உங்கம்மா அவ வீட்டுலதான் இருப்பா. ஒரே ஒரு தடவை, என் வீடு எனக்குச் சொல்லாம அவ வாசல் தாண்டினான்னா, நானே கூட்டிட்டு வந்து அந்தக் கட்டில்ல விட்டுடறேன். வாக்கு."

மகள் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை அந்தப் பக்கம் உட்கார்ந்து, எல்லோரும் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரியாமல், வந்தவர்களுக்கு மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் தேர்ந்தெடுத்தார். கல்யாணத்துக்குப் புடவை எடுப்பவர்கள்கூட அப்படி அலசமாட்டார்கள். அடுப்புக்குத் தானே அணையும் குமிழ். கட்டிலுக்கடியில், ராத்திரி ஆள் எழுந்தால் சொல்லும் கண். ஆள் எந்த அறையில் என்று போனில் சத்தமில்லாமல் புள்ளியாகக் காட்டும் கண்கள். கதவு திறந்தால் சொல்லும் சென்சார் முன்வாசலுக்கு ஒன்று, பின்வாசலுக்கு ஒன்று. பின்வாசலுக்கு முதலில் வைஃபையில் வைத்துப் பார்த்தார். பெரிய மாமா பேட்டரியைத் தின்றுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் படுத்துவிட்டார். அதனால் எல்லாமே ஜிக்பீ என்று முடிவானது.

எல்லாச் சேதியையும் வாங்கி அவர் போனுக்கு அனுப்பும் பெட்டி முன்னறையில். பின்வாசல் சமையலறைக்கு அப்பால். நடுவில் இரண்டு கெட்டிச் சுவர், ஜன்னலே இல்லாத நடைவழி. பின்வாசல் சென்சாரின் குரல் அந்தச் சுவர்களைத் தாண்டாது. நடைவழியில் யாராவது வாங்கிக் கடத்த வேண்டும். ஒரு சின்னப் பிளக்கைச் செருகினார். அதில் மினுக்கிய பச்சை வெளிச்சத்தைப் பார்த்துச் சின்னவள், "யாரது முழிச்சுப் பார்க்கிறது?" என்று பிடுங்கினாள். வெளிச்சத்தின் மேல் கறுப்பு நாடா ஒட்டினார். அப்போதும் பிடுங்கினாள். தேடினால் மாவு டப்பாவுக்குள் கிடந்தது. கடைசியில், நடைவழி விளக்கையே மாற்றி, சேதி கடத்தும் பல்பைப் போட்டார். பல்பைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள்.

சுவிட்ச் இருந்ததே? இருந்தது. மூடியைக் கழற்றிக் கம்பியை நேராக முறுக்கினார். அன்று ராத்திரி படுக்கப் போன சின்னவள் நடைவழியைக் கடந்து வந்து வழக்கம்போல் சுவிட்சை அழுத்தினாள். விளக்கு அணையவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடியும். அப்படியே சுவரில் சாய்ந்து விசும்ப ஆரம்பித்துவிட்டாள்.

"அணைய மாட்டேங்குது. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

அவருக்கு மனசு கேட்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கம்பியைப் பழையபடி மாட்டினார். "இப்ப அழுத்து" என்றார். அழுத்தினாள். அணைந்தது. "ம், இப்பச் சரி" என்றாள், வேலையாளிடம் சொல்வதுபோல. பெயர் போயிற்று, முகம் போயிற்று, சமையல் போயிற்று. அந்தச் சுவிட்ச் ஒன்றுதான் அவள் கை தவறாமல் செய்து முடித்த காரியம். அதையும் பிடுங்க அவருக்குக் கை வரவில்லை. படுக்கப் போகும்போதுதானே அணைக்கிறாள், அப்போது நான் வீட்டில் இருப்பேன், விடிந்ததும் நானே போட்டுவிடுவேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வீடு ஒழுங்காகப் பேசியது. முன்வாசலைத் திறந்தாள் என்று ஒரு நாள் சொன்னது. அவர் போன் செய்து எதிர்வீட்டுக்காரியை ஓடச் சொன்னார். அடுப்பைத் திறந்தாள் என்று சொன்னது, தானே மூடிவிட்டது. பெரியவளிடம் போனைக் காட்டிப் பெருமையடித்தார்.

"பாருங்க அண்ணி. சமையலறையில இருக்கா. இப்பப் பெட்ரூமுக்கு வந்துட்டா. பார்த்தீங்களா?"

திரையில் ஒரு புள்ளி அணைந்து இன்னொரு புள்ளி எரிந்தது. பெரியவளுக்கு அதில் தங்கையைப் பார்க்கத் தெரியவில்லை. ஆனால் மாப்பிள்ளை முகத்தில் பழைய மலர்ச்சியைப் பார்த்தாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். அவர் ஒரு பெரிய வீட்டில் வேலையாக இருந்தார். எல்லாச் சாமானும் வைஃபையிலேயே வேண்டும் என்று அந்த வீட்டுக்கார அம்மாளுக்குப் பிடிவாதம்.

"எல்லாரையும் ஒரே ஹால்ல உக்கார வச்சா யார் பேச்சும் யாருக்கும் கேக்காதும்மா. உங்க வீட்டுல எத்தனை பேரு?" என்றார் அவர்.

"மாமியாரோட சேர்த்து ஏழு பேரு."

"அப்ப உங்களுக்கே தெரியும்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். அந்த மாமியார் கண்ட விளக்கையெல்லாம் அணைக்கிறவராம். அதனால் ஹாலில் சுவிட்சை நேராக்கிவிட்டு, மேலே ஒரு பொத்தானை ஒட்டிக்கொண்டிருந்தார். போன் ஜன்னல் விளிம்பில் இருந்தது. சத்தமே இல்லை. அவள் தூங்குகிறாள் போல என்று நினைத்தார். பொத்தானை ஒட்டி, அழுத்திப் பார்த்து, கையைத் துடைத்த பிறகுதான் போன் ஒரு தடவை முனகியது. வாசல் திறந்தது என்று அது சொல்லவில்லை. நடைவழிப் பல்பு கொஞ்ச நேரமாகப் பதில் தரவில்லை என்றது.

அந்த நிமிடம் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று பிற்பாடு பெரியவளிடம் சொன்னார். வெளியே கிளம்பும்போது கடைசியாக வருகிறவள் விளக்கை அணைத்துவிட்டு வர வேண்டும் என்பது பெரியவளின் அப்பா போட்ட சட்டம். அக்காளும் தங்கையும் பாவாடை கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். சின்னவள் தனியாக வெளியே போய் வெகு காலம் ஆகிவிட்டதால் அவர் அதை யோசிக்கவே இல்லை. அவள் செருப்பு மாட்டினாள், நடைவழியில் நடந்தாள், நல்ல வீட்டுப் பெண்ணாக விளக்கை அணைத்தாள், பின்வாசலைத் திறந்துகொண்டு போனாள். சென்சார் தன் சேதியைச் சொல்லத்தான் செய்தது. வாங்கிக்கொள்ள நடுவில் யாரும் இல்லை.

ஏணியைப் போட்டது போட்டபடி ஓடினார். பெரியவளுக்கும் போன் செய்தார். அவள் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு மழையில் கிளம்பினாள். கடைகளில் கேட்டார்கள், பஸ் நிறுத்தத்தில் கேட்டார்கள். பெரியவளின் கால்தான் கடைசியில் வழி சொன்னது. பிறந்த வீடு இருந்த தெருவுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த வீடு இப்போது இல்லை. இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அதன் எதிரே கூட்டம். சின்னவள் தெருவோரம் தண்ணீரில் கிடந்தாள். யாரோ ஒரு கடைக்காரர் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

"வெகு நேரமா நின்னுட்டிருந்தாங்கம்மா. அண்ணாந்து பார்த்து 'வரல, வரல'ன்னு கத்தினாங்க. யார் வரலன்னு கேட்டேன், பதில் சொல்லல. மாடி தெரியலன்னு பின்னாடியே நகர்ந்தாங்க. நடைபாதை முடிஞ்சது தெரியாம விழுந்துட்டாங்க" என்றார் கடைக்காரர்.

சிக்னல் முழங்கால் போட்டு உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். அவள் அவரைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததா என்று பெரியவளால் சொல்ல முடியாது.

"வரலங்க" என்றாள்.

"வந்துடுச்சு" என்றார் அவர். "வந்துடுச்சுமா. இறங்கிட்டேன்."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது மகள் ஹோம் பேச்சை எடுக்கவில்லை. அவராகவே, "அந்தக் கட்டில் இன்னும் இருக்கான்னு கேளு" என்றார்.

"அப்பா, அவசரமில்ல. பார்க்கலாம்."

"வாக்குக் குடுத்திருக்கேன்ல? கேளு."

அவரே கொண்டுபோய் விட்டார். அவள் புடவைகளை அவரே மடித்து அலமாரியில் அடுக்கினார். மகள் வாசலில் வைத்து மெதுவாக, "சாமான் எல்லாம் என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாள்.

"சாமான் எல்லாம் சரியாத்தான் வேலை செஞ்சுது" என்றார்.

ஹோமில் அறை விளக்குகளுக்கு அறையில் சுவிட்ச் கிடையாது. எல்லாம் தாதி மேசையில். ஒரு சாயங்காலம் பெரியவளும் அவரும் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்கள். சின்னவளுக்கு எழுந்திருக்க முடியாது. படுத்தபடியே கையை நீட்டிச் சுவரைத் தடவினாள். மேலே தடவினாள், கீழே தடவினாள். தேடித் தேடிக் கை ஓய்ந்து விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தேடியது.

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் முகம் செத்துப்போனது.

"அண்ணி" என்றார். "உங்க வீட்டுக்காரருக்குக் கட்டில்ல ஒட்டிக் குடுத்தேனே, பொத்தான்..."

"ஆமா."

"அன்னைக்கு அந்தப் பெரிய வீட்டுலயும் அதைத்தான் ஒட்டிட்டிருந்தேன். அவ செருப்பு மாட்டிட்டிருந்த நேரம்."

பெரியவளுக்கு உடனே பிடிபடவில்லை. அவரே சொன்னார்.

"சுவிட்சை நேரா முறுக்கிட்டு, மேல அதை ஒட்டியிருந்தா அவளும் அழுத்தியிருப்பா, விளக்கும் அணைஞ்சிருக்கும், பல்பும் செவிடாகியிருக்காது. கதவு திறந்தது எனக்குக் கேட்டிருக்கும். என் பைக்குள்ளயே இருந்துச்சு அண்ணி. எப்பவும் ரெண்டு மூணு இருக்கும். ஊரு முழுக்க ஒட்டினவனுக்கு என் வீட்டுச் சுவத்துல ஒட்டத் தோணலையே. அவ அழுதா, நான் கம்பியை மாட்டினேன். அவ்வளவுதான் தோணுச்சு."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தாள் பெரியவள். "அழறவளைப் பார்த்தா யாருக்கு மூளை ஓடும் மாப்பிள்ளே" என்று மட்டும் சொன்னாள். அவர் கேட்டமாதிரி தெரியவில்லை.

மறுநாள் ஹோம் மேலாளரிடம் போய் நின்றார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். அந்த அறைக்கு ஒரு பல்பு, கட்டிலருகே சுவரில், அவள் கை எட்டும் உயரத்தில் ஒரு பொத்தான். ஒட்டிவிட்டு அவள் விரலை எடுத்து அதன்மேல் வைத்தார். அழுத்தினாள். விளக்கு அணைந்தது.

"ம், இப்பச் சரி" என்றாள்.

அந்த மழைக்காலம் முழுவதும் அவர் மாலையில் போய் உட்கார்ந்தார். அவள் விளக்கை அணைத்ததும் இருட்டிலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து வருவார். மழை விட்ட சமயத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஒரு விடியற்காலையில் அவள் போய்விட்டாள். சாமான்களை எடுக்கப் போனபோது மேலாளர் பொத்தானைக் கழற்றிக் கொடுக்க வந்தார். "வேற யாராவது வருவாங்க, இருக்கட்டும்" என்று சிக்னல் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. கூப்பிட்டவர்களுக்கெல்லாம் வேறு ஆளைச் சொன்னார். பைக்குள் இருந்ததையெல்லாம் கூடப் பழகிய ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டார். வீட்டில் பொருத்திய ஒவ்வொன்றையும் கழற்றினார். பின்வாசல் சென்சாரைக் கழற்றியபோது அதில் பேட்டரி பாதிக்கு மேல் மிச்சம் இருந்ததாம். பிறகு வீட்டையும் காலி செய்தார். பெரியவள் தன் வீட்டுக்கு வந்து இருக்கச் சொல்லிப் பார்த்தாள். சகலையின் கட்டில் சட்டத்தில் இருக்கும் அந்தப் பொத்தானை ஒரு தடவை பார்த்தார், "இல்லண்ணி" என்றார். பெரியவளும் வற்புறுத்தவில்லை.

மாடி மாடியாக ஏறி நின்றவர், இப்போது வேறு ஊரில், மகள் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையில் இருக்கிறார்.